எல்லாப் படமும் உரக்கப் பேச வேண்டுமா?

பல புகைப்படங்களை அடுக்கிக் கதை சொல்லும் தொடர்களைப் பற்றிய உங்கள் கட்டுரை, தொடரில் வரும் ஒவ்வொரு படமும் தனித்து நின்று அசத்த வேண்டும் என்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1948இல் அமெரிக்காவின் லைஃப் இதழில் வெளிவந்த, புகைப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித்தின் ‘கிராமத்து மருத்துவர்’ தொடரையே பாருங்கள். கையில் காபிக் கோப்பையுடன் சோர்ந்து சாய்ந்து நிற்கிறார் மருத்துவர். தனியாகப் பார்த்தால் யாரோ களைத்துப்போன மனிதர், அவ்வளவுதான். குதிரை உதைத்துக் காயம்பட்ட குழந்தையின் அருகே அவர் கவலையோடு நிற்கும் படத்தையும் பார்த்துவிட்டு வந்தால்தான் அந்தக் களைப்பின் கனம் தெரிகிறது. கதவு, கைகள், காலி நாற்காலி என அமைதியான படங்களும் தொடருக்கு வேண்டும். எல்லாமே உச்சமாக இருந்தால் கண் சலித்துவிடும் (போட்டிக்கு அனுப்புவதென்றால் வேறு கதை). படங்களை வரிசைப்படுத்துவதை ஒரே வரியில் முடித்திருக்கிறீர்களே! எதை முதலில் வைப்பது, எதை விலக்குவது என்று விரிவாக எழுதக் கூடாதா?