“வாடி வாடி” என்று கூப்பிட்டது யார்?

அந்தப் பதிவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக என் டைம்லைனில் அதுதான் ஓடுகிறது. “நண்பர் வீடு லாட்ஜ் இல்லை” என்று ஆரம்பித்து, வெளிநாட்டில் இருப்பவர் வீட்டில் குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கும் “ஓசி டூரிஸ்டுகளை” வறுத்தெடுத்திருக்கிறார்களே, அதேதான். சோபாவில் ஈரத் துண்டு, ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைகளின் ஆட்டம், ஃபிரிட்ஜில் பால் காலி. கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். நானும் சிரித்துவிட்டுப் போகத்தான் பார்த்தேன். முடியவில்லை.

ஏனென்றால் போன மே மாதம் அந்த ஓசி டூரிஸ்ட் நான்தான். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு. நான், கணவர், ஆறு வயதுப் பையன், இரண்டரை வயதுப் பெண். ஆறு நாளும் தங்கியது புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் என் கல்லூரித் தோழி வீட்டில்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கூப்பிட்டது யார்? ஏழு வருடமாக ஒவ்வொரு போனிலும் “ஒரு தடவை வந்துட்டுப் போடி” என்றது யார்? சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்ப வேண்டிய எஸ்ஜி அரைவல் கார்டில் தங்குமிட முகவரி கேட்பார்கள். நாங்கள் ஹோட்டல் தேடிக்கொண்டிருந்தோம். “ஹோட்டல்னு போட்டே, அப்புறம் உன்கூடப் பேச மாட்டேன்” என்று பிளாக் நம்பரில் தொடங்கி அஞ்சல் குறியீடு வரை அனுப்பி வைத்தது அவள்தான். வர வேண்டாம் என்றால் சொல்லிவிடலாமே. கோபித்துக்கொள்ள மாட்டோம். சரி, இரண்டு நாள் கோபித்துக்கொள்வோம், அப்புறம் சரியாகிவிடும். வாயால் வா என்று கூப்பிட்டுவிட்டு மனசுக்குள் பால் பாக்கெட் எண்ணுவதைத்தான் தாங்க முடியவில்லை.

ஓசி என்கிறார்கள் அல்லவா, கணக்கையே பார்த்துவிடுவோம். (பார்க்கக் கூடாதுதான். ஆரம்பித்தது அவர்கள்.) எங்கள் பெட்டியில் பாதி எங்களுடையதே இல்லை. அவள் அம்மா கொடுத்துவிட்ட புளி, சுண்டைக்காய் வத்தல், மணப்பாறை முறுக்கு, அவளே கேட்டிருந்த குக்கர் கேஸ்கட் மூன்று. அங்கே நம் ஊர்க் கடைகள் இருக்கும் தேக்கா பக்கம் போனால் வத்தலும் புளியும் கிடைக்காமலா இருக்கும்? ஆனால் அம்மா கைப்பட்டது வேண்டுமே. அந்த அம்மா நடுவில் ஒரு பொட்டலம் கசகசாவையும் செருகியிருந்தார். சிங்கப்பூருக்குள் அது தடை செய்யப்பட்ட பொருள். கிளம்புவதற்கு முன் என் கண்ணில் பட்டது எங்கள் நல்ல நேரம். இதையெல்லாம் நான் பதிவாகப் போட்டேனா?

உண்மையான ஓசி யார் என்றால் என் சின்னவள்தான். 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலில் டிக்கெட் கிடையாது. ஆறு நாளும் சிங்கப்பூர் அரசாங்கம் அவளை முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொண்டது.

அடுத்தது, ராத்திரிச் சத்தம். அங்கே பதினொன்று என்றால் நம் ஊரில் எட்டரை. என் பிள்ளைகள் இங்கேயே எட்டரைக்குத் தூங்கியது கிடையாது. விமானம் ஏறி இறங்கியதும் வயிறும் கண்ணும் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுமா? கீழ் வீட்டுக்குச் சத்தம் போய்விடக் கூடாதென்று பாய்மேல் போர்வை விரித்து, “பூனை மாதிரி நடடா” என்று பையன் பின்னால் நான் அலைந்தது எனக்குத்தான் தெரியும்.

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்று ஒருவர் கமெண்டில் பாடம் எடுக்கிறார். நாங்கள் ஆறு நாள் இருந்தோம். சரி, அது கொஞ்சம் அதிகம்தான். ஈரத் துண்டும் உண்மை, போட்டது என் கணவர். அதற்கு மன்னிப்பு. அவள் வேலைக்கு ஓடுகிறவள், எங்களுக்கும் சேர்த்துக் காலையில் சமைத்தாள் என்பதும் உண்மை. நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. அதற்கு மேல் நான் என்ன செய்ய?

“இரண்டரை வயதுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது?” என்று அங்கே இன்னொருவர் கேட்பதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல். வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சிங்கத்தலைச் சிலை மெர்லயன் 8.6 மீட்டர் உயரம், 1972-ல் திறந்தது என்று கணவர் போனில் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்க, பையன் “சிங்கம் ஏம்மா வாந்தி எடுக்குது?” என்றான். கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் 7.45 ஒளிக்காட்சியின்போது சின்னவள் என் தோளில் நல்ல தூக்கம். மதியம் தூங்காத குறை. அதனால் 8.45 காட்சிக்காக அதே இடத்தில் உட்கார்ந்திருந்தோம் (அதுவும் ஓசிதான், எழுதிக்கொள்ளுங்கள்). இரண்டாவது முறை கண்ணைத் திறந்தவள், அங்கே இருக்கும் ராட்சத செயற்கை மரங்கள் மின்ன மின்னக் கை தட்டினாள். அவளுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் போகட்டும். எனக்கு இருக்கிறதே.

பையன் இன்றைக்கும் பேசுவது வேறு. தோழி வீட்டுப் பக்கம் ஓடும் எல்ஆர்டி என்ற குட்டி ரயில். ஓட்டுநர் கிடையாது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பான். அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும்போது பக்கவாட்டு ஜன்னல்கள் தானாகவே வெள்ளையாக மங்கிவிடும். வீடுகளைத் தாண்டியதும் தெளிந்துவிடும். உள்ளே இருப்பவர்களை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கண்ணாடி மங்குவதற்குள் ஆன்ட்டி வீட்டு ஜன்னலைக் கண்டுபிடிப்பதுதான் அவன் விளையாட்டு. 1999-லிருந்து ஓடும் ரயிலுக்கே அந்த நாகரிகம் இருக்கிறது. நாம்தான் வீட்டுக்கு வந்தவர்களின் துண்டையும் பால் டம்ளரையும் படம் போட்டுக் காட்டுகிறோம்.

“உன்னைப் பற்றியா எழுதினார்கள், நீ ஏன் இவ்வளவு கொதிக்கிறாய்?” என்பீர்கள். எழுதியவர் யாரென்றே எனக்குத் தெரியாது. கனடாவோ எங்கேயோ இருக்கிறார். அவர் என்ன எழுதினால் எனக்கென்ன?

அதன் கீழே என் தோழி ஹார்ட் போட்டிருக்கிறாள். சிரிப்புகூட இல்லை, ஹார்ட்.

கை தவறிப் பட்டிருக்கலாம் என்கிறார் கணவர். வேறு யாராவது விருந்தாளியை நினைத்துப் போட்டிருக்கலாம் என்கிறாள் என் தங்கை. இருக்கலாம். சாங்கி விமான நிலையத்தில் வழியனுப்பும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதவள் அவள். அந்த அழுகை பொய்யாக இருக்காது. அப்படியானால் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே, “ஆறு நாள் கஷ்டம்டி, நாலு நாள் வாடி” என்று. இருபது வருடப் பழக்கத்தில் அதைக்கூடச் சொல்ல முடியாத இடத்திலா என்னை வைத்திருந்தாள்?

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாளாம். சமயபுரம் போக வேண்டும், உன் வீட்டில் இரண்டு நாள் தங்கிக்கொள்கிறோம் என்று போன வாரம் மெசேஜ் போட்டிருந்தாள். அன்றைக்கே மாடி அறையை ஒழித்துவைத்துவிட்டேன். பதில்தான் இன்னும் போடவில்லை.

இதை எழுதி முடிக்கும்போதும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஹார்ட் அப்படியேதான் இருக்கிறது.