மேயரிடம் ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய ஆள் வேண்டும்

2027 பிப்ரவரியில் சிகாகோவுக்கு மேயர் தேர்தல். வரி, போலீஸ், பள்ளிக்கூடம் என்று வேட்பாளர்களை எல்லோரும் துளைத்தெடுக்கப் போகிறார்கள், எடுக்கட்டும். நான் கேட்க நினைப்பது வேறு. நகரத்தின் கலாசாரத் துறைக்கு யாரைக் கமிஷனராக்கப் போகிறீர்கள்?

இது ரிப்பன் வெட்டும் பதவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கோடையில் நடக்கும் ப்ளூஸ், ஜாஸ் விழாக்கள், கலைஞர்களுக்கான உதவித்தொகை, பொது இடங்களில் நகரம் வைத்திருக்கும் சிற்பங்களும் ஓவியங்களும், சினிமா படப்பிடிப்பு அனுமதி என்று அத்தனையும் இந்தத் துறையில்தான் இருக்கின்றன. மிஷிகன் அவென்யூவில் உள்ள கலாசார மையமும் இவர்கள் பொறுப்புதான். 1897இல் பொது நூலகமாகக் கட்டிய கட்டடம் அது. வெள்ளைப் பளிங்குப் படிக்கட்டின் ஓரமெல்லாம் பச்சையும் தங்கமுமாகக் கண்ணாடித் துண்டுகள் பதித்திருப்பார்கள். மேலே ஏறினால் தலைக்கு மேல் 38 அடி அகலத்தில் டிஃபனி நிறுவனம் செய்த கண்ணாடிக் கூரை. உள்ளே போக டிக்கெட் கிடையாது. குளிர்காலத்தில் வெளியே நிற்க முடியாதவர்கள் வந்து கீழே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் எழுப்பிவிடுவதில்லை. இப்படி ஒரு இடத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதும் அந்தக் கமிஷனரின் வேலைதான்.

இந்தப் பதவியைப் பற்றிப் பேசினால் லோயிஸ் வைஸ்பர்க்கை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1989இல் மேயர் ரிச்சர்ட் எம். டேலி அவரைக் கமிஷனராக்கியபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பே ஹெரால்ட் வாஷிங்டன் மேயராக இருந்த காலத்தில் நகரத்தின் விழாக்களை நடத்தியவர். கலை நிர்வாகம் என்று படித்துப் பட்டம் வாங்கி வந்தவர் அல்ல. ஆனால் ஊரில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. நாடகக்காரர், வக்கீல், பூங்காவுக்காகப் போராடுகிறவர், கடைக்காரர் என்று எல்லோரையும் தெரியும். ஒருவரை இன்னொருவரோடு கோத்துவிடுவதுதான் அவருடைய கலை என்றே சொல்லலாம்.

அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1991இல் தொடங்கிய கேலரி 37. நகரத்தின் நட்டநடுவில், ஸ்டேட் தெருவில், பிளாக் 37 என்று ஒரு மனை. பெரிய கட்டடம் வரப்போகிறது என்று சொல்லி இருந்ததையெல்லாம் இடித்துத் தள்ளினார்கள், கட்டடம் வரவில்லை. ஊரே பார்த்து முகம் சுளித்த அந்தப் பொட்டல் மனையில் வைஸ்பர்க்கும் மேயரின் மனைவி மாகி டேலியும் கூடாரம் போட்டார்கள். பதின்வயதுப் பிள்ளைகளை வரவழைத்து, தேர்ந்த கலைஞர்களிடம் பயிற்சிக்கு விட்டார்கள். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கோடை விடுமுறை என்றால் வேலைக்குப் போகும் காலம். ஓவியம் பழகு என்று வாயால் சொன்னால் போதுமா? இதுவும் ஒரு வேலைதான், இந்தா கூலி என்று நகரமே சொன்னது. அதுதான் பின்னால் ‘ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ்’ என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது.

1999இல் தெருவெங்கும் கண்ணாடி இழையில் செய்த பசுமாடுகளை நிறுத்தியதும் அவர் காலத்தில்தான். சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் இதே மாதிரி மாடுகளை நிறுத்தியதைப் பார்த்துவிட்டு ஒரு செருப்புக்கடை முதலாளி வந்து சொன்ன யோசனை. முந்நூறுக்கும் மேற்பட்ட மாடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கலைஞரின் கைவண்ணம். கடைசியில் ஏலம் விட்டு அறக்காரியங்களுக்குக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து எத்தனையோ ஊர்கள் அதே மாதிரி செய்தன. யோசனை எங்கிருந்து வந்தால் என்ன, கதவைத் திறந்து வைத்திருந்தார் அல்லவா?

2011இல் அவர் பதவி விலகியதைத்தான் நான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக நினைக்கிறேன். தன் துறையை விழாக்கள் நடத்தும் அலுவலகத்தோடு சேர்ப்பது என்று மேயர் முடிவு செய்தபோது தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, 85 வயதில் ராஜினாமா செய்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தனக்குத் துணையாக நின்ற மேயரிடமே அப்படிச் சொன்னார். இன்றைக்குத் துறையின் பெயரிலேயே கலாசாரமும் சிறப்பு நிகழ்வுகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஒரே மேஜைக்கு வந்தால் எது முந்தும்? தேதி குறித்த விழாதான். மேடை, பாதுகாப்பு, குப்பை, கழிப்பறை என்று அது ஆளை விழுங்கிவிடும். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த சிற்பி காத்திருக்க வேண்டியதுதான். போதாக்குறைக்குத் துறையின் வருமானத்தில் பெரிய பங்கு ஹோட்டல் வரி. கொரோனா வந்து ஹோட்டல்கள் காலியானபோது, கலைக்கு வர வேண்டிய பணத்துக்கும் ஆபத்து வந்தது.

மேயரை மறுத்துப் பேச ஆள் வேண்டும் என்று நான் சொல்வதற்கு 2018இல் நடந்ததே போதும். மேற்குப் பகுதியில், கறுப்பின மக்கள் வாழும் வட்டாரத்தில், லெக்லர் நூலகம் இருக்கிறது. அங்கே வைப்பதற்காக 1995இல் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் என்ற ஓவியரிடம் நகரம் 10,000 டாலர் கொடுத்து ஓர் ஓவியம் வரையச் சொன்னது. பிள்ளைகளும் பெரியவர்களும் நமக்கு முதுகைக் காட்டி நின்று, பெரிய பெரிய புத்தகங்களையும் வானத்தையும் அண்ணாந்து பார்க்கிற ஓவியம். 2018 வருவதற்குள் மார்ஷலின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. அவருடைய இன்னோர் ஓவியம், அதுவும் சிகாகோவில் ஒரு பொது அமைப்பிடம் இருந்ததுதான், 2018 மே மாதம் 2.1 கோடி டாலருக்கு விற்றது. உடனே மேயர் ராம் இமானுவேல் நூலக ஓவியத்தையும் ஏலத்துக்கு அனுப்பினார். ஒரு கோடி டாலருக்கு மேல் வரும், நூலகத்தைப் பெரிதாக்கலாம் என்பது கணக்கு. கேட்க நல்ல கணக்குதான். ஆனால் பணக்காரத் தெருவில் இருக்கிற நூலகத்தைச் சரிசெய்ய யாராவது சுவரில் மாட்டிய ஓவியத்தை விற்கச் சொல்வார்களா? மார்ஷலே மனம் நொந்து வெளிப்படையாகப் பேச வேண்டி வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இமானுவேல் ஏலத்தைக் கைவிட்டார். வரைந்தவரே வந்து தடுக்கும் நிலைமையை ஒரு நகரம் வரவழைக்கலாமா? அந்த ஏற்பாடு மேயர் அறையைத் தாண்டும் முன்பே நின்றிருக்க வேண்டும். (அதற்கு முந்தைய ஆண்டுதான் இதே மார்ஷல் கலாசார மையத்தின் பின்சுவரில், இந்த ஊரின் கலைக்கு உழைத்த இருபது பெண்களை வரைவதற்கு ஒரே ஒரு டாலர் கூலி வாங்கிக்கொண்டார். அந்த இருபது பேரில் வைஸ்பர்க்கும் உண்டு.)

வைஸ்பர்க் போன பிறகு மிச்செல் பூன், மார்க் கெல்லி, எரின் ஹார்க்கி, கிளினே ஹெட்ஸ்பெத் என்று 2025க்குள் நான்கு பேர் வந்து போய்விட்டார்கள். அவர்கள் திறமையை நான் குறை சொல்லவில்லை. நல்லவரே வந்தாலும் ஆளையும் ஊரையும் பழகிக்கொள்ளவே ஓரிரண்டு வருடம் ஆகும். அப்புறம்தானே வேலை! மேயர் மாறினால் நாற்காலியும் மாறும் என்றால் எந்தக் கமிஷனர் எதிர்த்துப் பேசுவார்?

அதனால் வேட்பாளர்களிடம் நான் கேட்பது இதுதான். கமிஷனருக்கு மேயரின் பதவிக்காலத்தோடு முடியாத ஒரு காலத்தைச் சட்டத்திலேயே எழுதுங்கள். விழாக்களுக்குத் தனி நிர்வாகி வையுங்கள். ஹோட்டல் வரியை நம்பாமல் பொது நிதியிலிருந்து ஒரு நிலையான தொகையை ஒதுக்குங்கள். நகர மன்றம் ஒப்புதல் தருவதற்கு முன், அந்த ஆளை ஒரு மாலை வேளையில் தெற்கிலோ மேற்கிலோ ஒரு கிளை நூலகத்துக்கு அழைத்து வந்து, அந்த வட்டாரத்துக் கலைஞர்கள் கேள்வி கேட்க உட்கார வையுங்கள். நூலக ஓவியத்தை விற்கலாம் என்று மேயர் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதுதான் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி.