அம்மாவால் தாண்ட முடியாத வேலிப்படி

போன வருடம் கோடையில் அம்மா இங்கே வந்து மூன்று மாதம் தங்கியிருந்தார். 71 வயது. ஊரில் தினமும் விடிவதற்கு முன்பே நாலு தெரு சுற்றி வருகிறவர், நடக்க அசராதவர். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரைக் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்றில். வீட்டிலிருந்து கடல் இரண்டு மைல்கூட இருக்காது, வயல்களுக்கு நடுவே ஒரு ஃபுட்பாத் நேராகக் கடற்கரைக்குப் போகிறது. (ஃபுட்பாத் என்றதும் ரோட்டோர நடைமேடையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே அது தனியார் வயலுக்குள், மேய்ச்சல் நிலத்துக்குள், சில இடங்களில் ஒருவர் வீட்டு முற்றம் வழியாகக்கூடப் போகும் ஒற்றையடிப் பாதை. நிலம் அவருடையது, நடக்கும் உரிமை எல்லோருடையது.) அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "அடுத்தவங்க வயல்ல நாம பாட்டுக்கு நடக்கலாமா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார்.

முக்கால் மைல் போயிருப்போம். வேலிக்கு நடுவே ஒரு ஸ்டைல். ஆடு மாடு தாண்டாமல் மனிதர் மட்டும் ஏறி இறங்க வைக்கும் மரப்படி அது. கீழ்ப்படி உளுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, மேல் கட்டை அம்மாவின் இடுப்பு உயரம். புடவையைச் செருகிக்கொண்டு ஒரு காலை வைத்துப் பார்த்தார், படி ஆடியது, இறங்கிவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே நிக்கிறேன்" என்றார். மூன்று பேரும் திரும்பி வந்துவிட்டோம். அதற்கப்புறம் அவர் கடலுக்குப் போகலாம் என்று கேட்கவே இல்லை.

அன்றிலிருந்துதான் இந்தப் பாதைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், சட்டம் என்ன சொல்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். ஸ்டைலைப் பராமரிக்க வேண்டியவர் நிலக்காரர். 1980 ஹைவேஸ் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, செலவில் குறைந்தது கால் பங்கை அவர் கவுன்சிலிடம் (இங்கத்திய உள்ளாட்சி) கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சரி, உளுத்த படியை மாற்றச் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் முறைப்படி அனுமதி பெற்று நிற்கும் ஒரு ஸ்டைலை எடுத்துவிட்டு கேட் வையுங்கள் என்று சொல்வதென்றால் பேசிச் சம்மதிக்க வைக்கத்தான் வேண்டும். வேலியில் சும்மா ஓர் இடைவெளி விட முடியுமா என்று முதலில் பார், முடியாவிட்டால் கேட், அதுவும் முடியாவிட்டால்தான் ஸ்டைல் என்று இதற்கான பிரிட்டிஷ் தரநிர்ணயமே சொல்கிறது. எங்கள் ஸ்டைலுக்கு இரண்டு பக்கமும் கோதுமை. ஒரு ஆடுகூடக் கிடையாது. பழக்க தோஷத்தில் நிற்கிற அந்தக் கட்டை முட்டி வலிக்காரர்களையும், கைக்குழந்தையோடு வருகிறவர்களையும், சக்கர நாற்காலிக்காரர்களையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. கவுன்சிலிடம் இருக்கிற கொஞ்சப் பணத்தில் முதல் செலவு இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புது வழிகாட்டிப் பலகையும் பளபளப்பான வரைபடப் பிரசுரமும் அப்புறம் வரட்டும்.

அடுத்தது உழவு. வயலின் குறுக்கே போகும் ஃபுட்பாத்தை நிலக்காரர் தவிர்க்க முடியாதபோது உழலாம், ஆனால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு மறுபடி நடக்கிற மாதிரி சரிசெய்து, பாதை எங்கே போகிறது என்று தெரியவைக்க வேண்டும். வரப்போரமாகப் போகும் பாதையை உழவே கூடாது, அதற்குக் குறைந்தது ஒன்றரை மீட்டர். விளைந்த பயிர் பாதையை மூடியிருந்தால் அதை மிதித்துக்கொண்டு அந்தக் கோட்டிலேயே நடக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் மார்பளவு கடுகுப்பயிருக்குள் (இங்கே எண்ணெய்க்காகப் பயிரிடுவார்களே, அந்த மஞ்சள் பூ) எத்தனை பேர் இறங்குவார்கள்? சுற்றிப் போவார்கள், அடுத்த வாரம் வரவே மாட்டார்கள். ஆள் நடமாட்டம் நின்ற பாதையில் இரண்டே வருடத்தில் முள் மண்டிவிடும். ஒரு பாதை பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் சாகிறது, யாரும் அதை மூடுவதில்லை.

கடலோரத்தில் இன்னொரு பிரச்சினை, நிலமே இல்லாமல் போவது. நார்ஃபோக்கில் ஹேஸ்பரோ என்ற ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியும், மண் குன்று கடலுக்குள் சரிந்துகொண்டே இருக்கிறது, வீடுகளே போயிருக்கின்றன. குன்றின் விளிம்பில் போகும் சாதாரண ஃபுட்பாத் என்பது வரைபடத்தில் போட்ட ஒரு கோடு. அந்த மண் கடலில் விழுந்தால் பாதையும் அதோடு போச்சு, தானாக உள்ளே நகர்ந்துகொள்ளாது. உள்பக்க நிலக்காரரிடம் கவுன்சில் பேசி வாங்க வேண்டும், அல்லது நஷ்டஈடு கொடுத்துப் புதுப்பாதை உத்தரவு போட வேண்டும். ஆனால் 2009 கடல்சார் சட்டத்தின்கீழ் நேச்சுரல் இங்கிலாந்து (இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு) அமைத்துவரும் இங்கிலாந்து கடற்கரைப் பாதைக்கு, கரை அரிக்க அரிக்கப் பாதையை உள்ளே தள்ளிக்கொள்ள முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைக்கலாம். கிட்டத்தட்ட 2,700 மைல். மிக நல்ல சட்டம், அதைக் கொண்டுவரப் போராடியவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

என் வருத்தம் வேறு. கடற்கரைப் பாதைக்கு மத்திய அரசின் பணம் வருகிறது, சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அந்தக் கடற்கரைக்கு ஊருக்குள்ளிருந்து போகும் சின்னப் பாதைகளுக்குப் பெரும்பாலும் கவுன்டியின் பணம்தான், அதுவும் முதியோர் கவனிப்புக்கும் பள்ளி பஸ்ஸுக்கும் போக மிச்சமிருப்பது. கடற்கரைப் பாதை பளிச்சென்று இருக்க, அதற்குப் போகிற வழியில் ஸ்டைல் உளுத்துக் கிடந்தால் கார் வைத்திருப்பவர் மட்டும்தான் கடலைப் பார்க்க முடியும்.

நிலக்காரர்களை வில்லன்களாக்க நான் எழுதவில்லை. கேட்டைத் திறந்துபோட்டுப் போகிறவர்களும், குட்டி போட்ட ஆடுகளுக்கு நடுவே நாயை அவிழ்த்துவிடுகிறவர்களும் நம்மில்தான் இருக்கிறார்கள். வின்டர்டன் கடற்கரையில் சின்ன ஆலாக்கள் மணலிலேயே முட்டையிடும். கோடையில் அந்த இடத்துக்கு வேலி போட்டுவிடுவார்கள், அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆலாவுக்கு வேறு இடம் இல்லை, நாம் கொஞ்சம் தள்ளி நடக்கலாம்.

அப்புறம் வரைபடம். 1949 சட்டத்தின்படி ஒவ்வொரு கவுன்டியும் டெஃபினிட்டிவ் மேப் என்று ஒன்று வைத்திருக்க வேண்டும், அதில் ஏறிய பாதை சட்டப்படி பாதை, அதற்கு மேல் வாதம் கிடையாது. ஏறாமல் விட்டுப்போன பழைய பாதைகளைச் சேர்க்க முதலில் 2026 என்று கெடு வைத்தார்கள், பிறகு 2031 என்றார்கள், கடைசியில் அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. சந்தோஷம். ஆனால் கெடு போனதால் வேலை முடிந்துவிடாது. பொதுமக்கள் 20 வருடம் தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்த வழி பொதுப்பாதை ஆகலாம், அதற்குச் சாட்சி நடந்தவர்கள்தான். அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இருக்கும்போதே அவர்கள் நடந்ததை எழுதி வாங்க வேண்டும்.

இங்கே இருக்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வார இறுதியில் மாலுக்குப் போகிற நேரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் ஊர்ப் பாதையில் நடந்து பாருங்கள். இது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு, நாம் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று பல வீடுகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த உரிமை தோலைப் பார்த்து வருவதில்லை, கவுன்சில் வரி கட்டுகிறோமா என்றுகூடப் பார்ப்பதில்லை. ஆர்டனன்ஸ் சர்வே (அரசு வரைபட நிறுவனம்) போடும் ஆரஞ்சு அட்டை வரைபடத்தில் விட்டுவிட்டுப் போகும் சின்னச் சின்னப் பச்சைக் கோடுகளாக இருப்பது ஃபுட்பாத், கம்பத்தில் மஞ்சள் அம்பு. அடைத்திருந்தால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பாதை எண்ணோடு கவுன்சிலுக்கு எழுதுங்கள். பாதையைக் காப்பது அவர்கள் கடமை என்று சட்டம் சொல்கிறது. பதிலே வராவிட்டால் அடைப்பை நீக்கச் சொல்லி சாதாரண ஆளே முறைப்படி நோட்டீஸ் கொடுக்கலாம்.

எங்கள் ஸ்டைலுக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறேன், பாரிஷ் கவுன்சில் (நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி) கூட்டத்திலும் போய்ப் பேசினேன். படியை மாற்றிவிட்டார்கள், இப்போது ஆடவில்லை. ஆனால் அதே உயரம். கேட் வைக்க நிலக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா மே மாதம் வருகிறார்.

உங்கள் பக்கம் இப்படி அடைந்துகிடக்கும் பாதை இருந்தால் கமெண்டில் படத்தோடு போடுங்கள். புகார் எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம், நான் எழுதிய கடிதங்களையும் தருகிறேன்.