சேற்றுப்புண்ணுக்கு ‘மூணு நாள் க்ரீம்’: பரவும் தகவல் தவறு

காவேரிப்பட்டணம் பக்கம் நடவு வேலைக்குப் போகிறவர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் இது: “பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் கலந்த க்ரீம் தடவினால் சேற்றுப்புண் மூன்றே நாளில் போகும்.”

தவறு. இரண்டும் ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் அடங்கும், ஆனால் சேற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமான பூஞ்சை சாகாது. தோலின் எதிர்ப்பை ஸ்டீராய்டு அடக்கிவிடுவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவி, க்ரீமை நிறுத்தியதும் இன்னும் அகலமாகத் திரும்பும். தோலும் மெலியும்.

காலின் கடைசி இரு விரல்களின் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, உரிந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சைதான். காலைக் கழுவி, இடுக்கை நன்றாக உலர்த்தி, பூஞ்சையைக் கொல்லும் மருந்தான க்ளோட்ரிமசோல் 1% மட்டும் உள்ள க்ரீமைத் தினம் 2 வேளை, புண்ணைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவுங்கள். 4 வாரம் விடாமல். அரிப்பு நின்றதுமே விட்டுவிடுவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது.

சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். கால் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.