கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ராஜா

கடவுளுக்கு அடங்காத ஆட்சியாளர்கள் என்றதும் நம் பிரசங்கங்களில் பார்வோன் வருவான், நேபுகாத்நேச்சார் வருவான், புழுப்புழுத்துச் செத்த ஏரோது வருவான். யூதாவின் ராஜா யோயாக்கீம் வருவது அபூர்வம். எனக்கோ வேதாகமத்திலேயே அதிகம் நடுக்கம் தருகிற அதிகாரம் எரேமியா 36தான்.

கி.மு. 604, குளிர்காலம். 23 வருடமாகக் கர்த்தரின் வார்த்தையாகச் சொல்லிவந்ததையெல்லாம் எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தன் பாருக் ஒரு சுருளில் எழுதியிருந்தான். எரேமியாவால் ஆலயத்துக்குள் போக முடியாத நிலை. பாருக்கே போய் உபவாச நாளில் ஜனங்களுக்கு வாசித்தான். பிரபுக்களும் அதைக் கேட்டுப் பயந்துபோனார்கள். நீயும் எரேமியாவும் எங்காவது ஒளிந்துகொள்ளுங்கள் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் ராஜாவிடம் போனார்கள்.

ராஜாவுக்கு முன்னால் கணப்பு எரிகிறது. யெகுதி என்ற ஊழியக்காரன் அந்தச் சுருளை வாசிக்கிறான். மூன்று நாலு பத்தி முடிந்ததும் ராஜா சூரிக்கத்தியால் அந்தத் துண்டை அறுத்து நெருப்பில் போடுகிறான். மறுபடி வாசிப்பு, மறுபடி அறுப்பு, சுருள் தீரும்வரை. கோபத்தில் பிடுங்கி மொத்தமாக எறிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தாது. இவன் ஒவ்வொரு பத்தியாகக் காதில் வாங்கிக்கொண்டுதான் எரித்தான். அவனோ அவன் ஊழியக்காரரோ பயப்படவில்லை, துக்கத்துக்கு அடையாளமாக வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்ளவுமில்லை என்று வேதம் குறித்துவைத்திருக்கிறது.

அதைக் குறித்ததற்குக் காரணம் உண்டு. இவன் அப்பா யோசியா. ஆலயத்தில் கிடைத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தைச் சம்பிரதி (அரசாங்க எழுத்தர்) சாப்பான் வாசிக்கக் கேட்டதுமே அந்த ராஜா வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். இப்போது எரிக்க வேண்டாம் என்று யோயாக்கீமிடம் கெஞ்சுகிறவர்களில் ஒருவன் கெமரியா, அதே சாப்பானின் மகன்.

சரி, அந்த வார்த்தைகள் ஏன் அவனை அவ்வளவு சுட்டன? எரேமியா 22ஐப் படியுங்கள். அவனை அரியணையில் ஏற்றியவன் எகிப்தின் பார்வோன் நேகோ. எலியாக்கீம் என்ற பெயரையே மாற்றி, 100 தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் தண்டம் விதித்தான். அந்தப் பணம் ஜனங்களிடமிருந்துதான் பிடுங்கப்பட்டது. அதே ராஜா தனக்குக் கேதுருப் பலகை பதித்து, ஜாதிலிங்கச் சிவப்புப் பூசிய வீடு கட்டுகிறான், வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்காமல்! உன் அப்பன் ஏழைக்கு நியாயம் செய்தான், என்னை அறிவது என்பது அதுதானே என்று கர்த்தர் கேட்கிறார். தேவ அதிகாரத்தைத் தள்ளுவது என்றால் ஆலயத்துக்கு வராமலிருப்பது என்றே நாம் நினைக்கிறோம். எரேமியா பார்ப்பது கூலிக் கணக்கை.

எங்கள் வேதபாட வகுப்பில் ஆட்சியாளர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ரோமர் 13ஐத் திறந்துவிடுவார்கள். அதிகாரம் தேவனால் உண்டானது, வாயைத் திறக்காதே என்று. அதிகாரம் தேவனால் உண்டானது என்றால் அதைத் தேவன் கணக்குக் கேட்கிறார் என்றுதானே அர்த்தம்? ரோமர் 13ஐ எழுதிய பவுலை வாசிக்கிற நாம் பாருக் எழுதியதையும் வாசிக்க வேண்டாமா?

அந்த அறையில் இன்னொருவன் என்னை விடமாட்டேன் என்கிறான். எல்நாத்தான். உரியா என்ற தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து எகிப்துக்கு ஓடியபோது, ராஜா சொன்னதற்காக ஆட்களோடு போய் அவனைப் பிடித்து வந்தவன் இவன். உரியா வெட்டப்பட்டான். அதே எல்நாத்தான்தான் இப்போது, எரிக்காதேயும் என்கிறான். நடுவில் அவன் மனதுக்குள் என்ன நடந்ததோ! ராஜா கேட்கவில்லை. எரேமியாவையும் பாருக்கையும் பிடித்துவரக் கட்டளையிட்டான். கர்த்தரோ அவர்களை மறைத்தார்.

பாருக் இன்னொரு சுருள் எடுத்தான். எரிந்ததெல்லாம் திரும்ப எழுதப்பட்டது, அதிகமாகவே எழுதப்பட்டது. கி.மு. 586இல் எருசலேமே எரிந்தது. 1982இல் அங்கே தாவீதின் நகரத்தைத் தோண்டியபோது ஒரே வீட்டில் 50க்கும் மேற்பட்ட களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவை ஒட்டியிருந்த ஏடுகள் தீயில் போய்விட்டன, களிமண் வெந்து இறுகிவிட்டது. அதில் ஒரு முத்திரையில் இருக்கும் பெயர், சாப்பானின் மகன் கெமரியா.