டார்க் ரெஞ்சைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி கிளம்புமுன் பெட்ரோல் பங்க்கில் எடுத்த வீடியோவை இங்கே பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். நான் டார்க் ரெஞ்சோடு (வைத்த அளவுக்கு முறுக்கியதும் 'க்ளிக்' என்று சொல்லும் ஸ்பேனர்) பைக்கின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறேன், பின்னால் நாலு பேர் சிரிக்கிறார்கள். "டாக்டர் ஆபரேஷன் பண்றாரு" என்று மேலே எழுத்து வேறு. இரண்டு நாள் பொறுத்தேன், முடியவில்லை.

செயினை டைட் வைக்க, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆக்சில் நட்டைத் தளர்த்தினேன். திரும்ப எவ்வளவு முறுக்க வேண்டும் என்று வண்டி செய்தவனே மேனுவலில் போட்டிருக்கிறான். அந்த அளவுக்கு முறுக்கினேன், ரெஞ்ச் 'க்ளிக்' என்றது, நிறுத்தினேன். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

"கைக்கே தெரியும்" என்பீர்கள். 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடை கொடுத்தால் முறுக்குவிசை ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர். சின்ன எம்6 (6 மில்லிமீட்டர்) போல்ட்டுக்கு 10 போதும். ஆக்சில் நட்டுக்கோ வண்டியைப் பொறுத்து 60, 70, அதற்கு மேலும் வேண்டும். இந்த வித்தியாசமெல்லாம் உங்கள் கைக்கு எப்படித் தெரியும்? முறுக்கும்போது போல்ட் ஸ்பிரிங் மாதிரி இம்மி நீள்கிறது. அந்த இழுவிசைதான் பாகத்தை இறுக்கிப் பிடிக்கிறது. குறைந்தால் அதிர்வில் கழன்றுவிடும். கூடினால் மரை போய்விடும், அதுவும் அலுமினியத்தில் சொல்லவே வேண்டாம்.

மூன்று வருஷத்துக்கு முன், பிரேக் பேட் மாற்றிய மறுவாரம், வேலூர் தாண்டியதும் முன்பக்கம் டக்டக்கென்று சத்தம். பின்னால் மனைவி. ஓரங்கட்டிப் பார்த்தால், பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பரின் ஒரு போல்ட் இல்லை. இன்னொன்றை இரண்டு விரலால் திருகினேன், தண்ணீர் பாட்டில் மூடி மாதிரி சுற்றியது. அவள் மைல்கல் மேல் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேட் மாற்றிய கடைக்கு போன் போட்டேன். "கை டைட்டாத்தான் சார் வச்சோம்" என்றார்கள். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

மெக்கானிக்குகளைக் கேவலப்படுத்துகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் 26 வருஷம் ஃபிட்டர். அவர் கையைவிட அனுபவமுள்ள கையை நான் பார்த்ததில்லை. அவரே டார்க் ரெஞ்சில் முறுக்கி, போல்ட் தலையிலிருந்து பாகம் வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பார். கோடு விலகியிருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவரையா கேவலப்படுத்துவேன்?

மரையில் கிரீஸ் இருந்தால் அளவு தப்பும் என்கிறீர்கள், சரிதான். துடைத்துவிட்டுத்தான் முறுக்குகிறேன். ரெஞ்சின் விலை? 3,200 ரூபாய். உங்கள் ஹெல்மெட் கேமரா அதைவிட அதிகம்.

வலிப்பது இதெல்லாம் இல்லை. வீடியோ எடுத்தவனின் வண்டிக்குப் போன மாதம் இரவு 11 மணிக்கு, என் வீட்டு வாசலில், இதே ரெஞ்சால்தான் ஆக்சில் முறுக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு அவன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது சிரிப்பு வரவில்லையே தம்பி?

ஞாயிறன்று போட்ட மஞ்சள் கோட்டை இன்று காலை பார்த்தேன், விலகவில்லை. அந்த வீடியோவை நீக்கிவிடு. அப்பாவும் பார்த்துவிட்டார்.