ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரிக்கும் செமிகோலன் போட்டுக்கொள்கிறதா?

பெங்களூரு மாரத்தஹள்ளி, பெல்லந்தூர் பக்கம் ஐடியில் இருக்கும் நம்மாட்களின் வாட்ஸ்அப் குழுக்களில், நிரல்மொழிகளில் ஒரு கட்டளை முடிந்ததைக் காட்டும் ';' குறியான செமிகோலனைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "ஜாவாஸ்கிரிப்டில் செமிகோலன் தேவையே இல்லை. வரி முடிந்தால் அதுவே போட்டுக்கொள்ளும். கோ மொழியில் செமிகோலனே கிடையாது." முதல் வாக்கியம் ஓரளவு சரி. மற்ற இரண்டும் தவறு.

வரி முடிந்துவிட்டது என்பதற்காக ஜாவாஸ்கிரிப்ட் செமிகோலன் போடுவதில்லை. அடுத்த வரியைச் சேர்த்துப் படித்தால் இலக்கணம் இடிக்கும் என்றால்தான் போடும். இடிக்காவிட்டால் இரண்டையும் ஒரே வரியாகப் படித்துவிடும். 'அ = ஆ' என்று எழுதிவிட்டு அடுத்த வரியை '(' போட்டுத் தொடங்கிப் பாருங்கள்; 'ஆ' என்ற ஃபங்ஷனை (பெயர் சொல்லி அழைத்து இயக்கும் நிரல் துண்டு) அழைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். '[' போட்டாலும் இரண்டு வரியும் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும்.

ஃபங்ஷன் ஒரு மதிப்பைத் திருப்பித் தருவதற்கான 'ரிட்டர்ன்' கட்டளை விஷயத்தில் நேர் எதிர். அதை மட்டும் எழுதி, தர வேண்டிய மதிப்பை அடுத்த வரியில் வைத்தால் ரிட்டர்னுக்குப் பின்னாலேயே செமிகோலன் விழுந்துவிடும். கைக்கு வருவது 'அன்டிஃபைண்ட்', அதாவது மதிப்பே இல்லை. பெரும்பாலும் பிழைச் செய்திகூட வராது, அதுதான் எரிச்சல். 1997-இல் வந்த முதல் எக்மாஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டின் அதிகாரபூர்வ வரையறை) தரத்திலேயே இந்த விதிகள் உண்டு.

இன்னொரு நிரல்மொழியான கோ மொழியிலும் செமிகோலன் உண்டு. வரியின் கடைசிச் சொல்லையோ குறியையோ மட்டும் பார்த்து அது தானே போட்டுக்கொள்கிறது. அதனால்தான் நிபந்தனை சொல்லும் 'இஃப்' வரியின் '{' அடுத்த வரிக்குப் போனால், இடையில் செமிகோலன் விழுந்து, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கத்துகிறது.

சரி, ஜாவாஸ்கிரிப்டில் செமிகோலன் இல்லாமல் எழுதவே கூடாதா? தாராளமாக எழுதலாம். அப்படி எழுதுகிறவர்கள், '(', '[' போன்ற குறிகளில் தொடங்கும் வரிக்கு முன்னால் மட்டும் ஒன்றைப் போட்டுவிடுவார்கள்.